பெறுவதற்கு முன் கொடுக்கப் பழக்கும் பண்டிகைகள்

ஸ்பானிய மொழி பயிலும் சிறுவர்களுக்கு, அம்மொழி வழங்கும் தேசங்களின் டிசம்பர், ஜனவரி மாதப் பண்டிகைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது நல்ல வழக்கமே. ஆயினும் பண்டிகையின் பெயரையும் தேதியையும் பலகாரத்தையும் பட்டியலாக எழுதச்செய்து, ஒரு படத்துக்கு வர்ணம் தீட்டியதோடு பாடத்தை முடித்துவிட்டால், அப்பண்டிகைகளின் ஜீவநாடியைக் குழந்தைகள் அறியாமலே போவார்கள். அந்த ஜீவநாடி, அவற்றில் பிள்ளைகளுக்கென்று வகுக்கப்பட்டுள்ள கடமையில் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

மெக்ஸிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் நடைபெறும் ‘போசாதா’ என்னும் வைபவத்தைப் பாருங்கள். நிறைகர்ப்பிணியான மரியாளும் யோசேப்பும் பெத்லகேமில் தங்க இடமின்றி அலைந்ததை நினைவுகூர்ந்து, கையில் மெழுகுவர்த்தி ஏந்திய பிள்ளைகள் பெரியவர்களோடு ஊர்வலமாகச் சென்று, வீட்டு வாயிலில் நின்று இடம் கேட்டுப் பாடுகிறார்கள். உள்ளிருப்போர் இடமில்லையென்று பாட்டாலேயே மறுக்கிறார்கள். பலமுறை இரந்து கேட்டு, வந்திருப்பவர் யாரென்று உணர்ந்து கதவு திறக்கப்பட்ட பிறகுதான் விருந்தும் விளையாட்டும். வாசலில் நிறுத்தப்படுவதன் துயரத்தையும், உள்ளே அழைக்கப்படுவதன் ஆனந்தத்தையும் ஒரே இரவில் அனுபவிக்கும் குழந்தைக்கு விருந்தோம்பலைப் பற்றித் தனியே உபதேசம் எதற்கு? அதன்பின் தொங்கவிடப்படும் ‘பின்யாத்தா’, நம் உறியடியைப் போன்றது. ஏழு கொடிய பாவங்களைக் குறிக்கும் ஏழு கூம்புகளுடைய அந்த நட்சத்திரத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தடியால் அடித்து உடைத்தால், கரும்புத் துண்டும் நிலக்கடலையும் பழங்களும் சிதறி விழுகின்றன. கூடியிருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் அவற்றைப் பொறுக்கிக்கொள்கிறார்கள்.

குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுவந்த மூன்று ராஜாக்களின் திருநாளிலும் இதே தர்மத்தைக் காண்கிறோம். ஸ்பெயினில் ஜனவரி 5 மாலை மெல்சோர், கஸ்பார், பல்த்தசார் ஆகிய மூவரின் பவனியைக் கண்டு வீடு திரும்பும் பிள்ளைகள், பரிசுக்காகத் தங்கள் காலணிகளை வைப்பதோடு நில்லாமல், ராஜாக்களை ஏற்றிவரும் ஒட்டகங்களுக்குத் தண்ணீரும் வைக்கிறார்கள். போர்ட்டோ ரிக்கோவிலோ, பிள்ளைகள் புல் பறித்துவந்து ஒரு பெட்டியில் நிரப்பிக் கட்டிலின் அடியில் வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். அர்ஜென்டினாவில் அது கடுங்கோடைக் காலம். அங்கேயும் புல்லும் தண்ணீரும் காத்திருக்கின்றன. பருவம் மாறினாலும் கடமை மாறவில்லை. மறுநாள் காலையில் கிடைக்கப்போகும் பரிசை எண்ணி மனம் துள்ளும் அந்த நேரத்திலேயே, நெடுவழி நடந்துவரும் வாயில்லா ஜீவனின் பசியையும் தாகத்தையும் எண்ணிப்பார்க்கக் குழந்தையைப் பழக்கிய முன்னோர்களின் ஞானத்தை எவ்வளவு போற்றினாலும் தகும்.

இவையெல்லாம் கிறிஸ்தவ சமயத்தைச் சார்ந்தவை; பலவகைச் சமயத்தவரும் பயிலும் வகுப்பில் இவற்றுக்கு இடம் கொடுக்கலாமா என்று சிலர் தயங்கக்கூடும். எந்தச் சமயத்துப் பிள்ளையானாலும், பிற மக்கள் எதைப் புனிதமாகக் கருதுகிறார்கள் என்பதை அறியாமல் அவர்களுடைய பாஷையை முழுமையாகக் கற்க இயலாது; அறிவதனால் தன் நம்பிக்கையை இழக்கவும் மாட்டாது.

ஆகவே ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: வகுப்பில் பாதிப் பேரைக் கதவுக்கு வெளியேயும் மீதிப் பேரை உள்ளேயும் நிறுத்தி, இடம் கேட்டுப் பாடவும் மறுத்துப் பாடவும் செய்யுங்கள், மறுநாள் இடம் மாற்றி நிறுத்துங்கள், வர்ணம் தீட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.