நிவாரணமும் இழப்பீடும் ஒன்றா?

(மூன்றாமாண்டு, இளங்கலைப் பொருளியல்)

சென்ற ஆண்டுத் தேர்வில் ‘இழப்பீடு – வரையறு’ என்று இரண்டு மதிப்பெண் வினா ஒன்று வந்தது. ‘பாதிக்கப்பட்டோருக்கு அரசு வழங்கும் நிவாரணத் தொகை’ என்று எழுதிவிட்டு வந்தேன். ஒரு மதிப்பெண் கிடைத்தது. அந்த ஒன்றும் எனக்கு உரியதன்று என்பதை எங்கள் எதிர்வீட்டு மதினிதான் பின்னர் எனக்கு உணர்த்தினார்.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டைப் பக்கம். கரிசல் காட்டு மானாவாரி வெள்ளாமை. மழை பொய்த்தால் ‘ஆபீஸ்’தான் சோறு போடும். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: இவ்வட்டாரத்தில் ஆபீஸ் என்றால் மேசையும் மின்விசிறியும் உள்ள இடமன்று. பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் அதுவே பெயர். மதினியின் கணவர் அப்படியோர் ஆபீசில் மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தார். 2024இல் நடந்த விபத்தில் இறந்தார். மறுநாள் நாளேடு ‘உராய்வு காரணமாக’ என்று எழுதியது. எந்த விபத்தானாலும் குற்றவாளி உராய்வுதான். அதைக் கைது செய்யவும் முடியாது!

காரியம் முடிந்ததும் மதினி ஒரு முத்திரைத்தாளை என்னிடம் நீட்டினார். ‘எங்கள் ஆலையில் பணிபுரிந்து வந்தவர் விபத்தில் மரணமடைந்தமைக்காகக் கருணை அடிப்படையில் ரூ. 2 இலட்சம் பெற்றுக்கொண்டோம். இனி எவ்விதக் கோரிக்கையும் எழுப்ப மாட்டோம்’ என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. கீழே மதினியின் கைநாட்டு.

“தம்பி, பொருளாதாரந்தானே படிக்கிற? இந்தக் கருணைக்கு என்ன கணக்குன்னு சொல்லு” என்றார்.

கருணைக்குக் கணக்கு ஏது? என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பேராசிரியரிடம் சென்று கேட்டேன். அவர் சட்ட நூலை எடுத்துக் கொடுத்து, “நீயே படி” என்றார்.

படித்தபோதுதான் இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரம் தெரிந்தது. நிவாரணம் என்பது கொடுப்பவர் மனம். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர் குடும்பத்துக்குத் தமிழக முதலமைச்சர் 3 இலட்சமும் பிரதமர் 2 இலட்சமும் அறிவித்தனர். அதைக் குறை கூறவில்லை. பிணத்தை வீட்டுக்குக் கொண்டுவரவும் கடன்காரரைச் சில நாள் நிறுத்தி வைக்கவும் உடனே உதவும் பணம் அதுதான். ஆனால் அறிவிக்காவிட்டால் கேட்பதற்கு வழியில்லை.

இழப்பீடு அப்படியன்று. 1923ஆம் ஆண்டுச் சட்டம், அந்த வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், அதை ஒரு வாய்பாடாகவே எழுதி வைத்தது. மாதக் கூலியில் பாதி. அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்குக் காரணி 184.17. மாதம் 10,000 ரூபாய் கூலி பெற்ற நாற்பது வயதுத் தொழிலாளி இறந்தால் 5,000 × 184.17, அதாவது 9,20,850 ரூபாய். முதலாளி தவறு செய்தார் என்று விதவை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வேலையின்போது வேலையால் நேர்ந்தது என்றாலே போதும். பணத்தையும் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிட முடியாது. ஆணையரிடம் செலுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக 17ஆம் பிரிவு: இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதித் தரும் ஒப்பந்தம் செல்லாது. இந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கிவிட்டது. பாதிக் கூலி, வயதுக் காரணி என்ற அதே வாய்பாடு அங்கும் இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் உள்ளவர் குடும்பத்துக்கு இந்தத் தொகைக்குப் பதிலாக மாதந்தோறும் உதவித்தொகை உண்டு.

பொருளியல் மாணவன் என்ற முறையில் எனக்கு இதில் இன்னொன்றும் படுகிறது. காகிதம், அலுமினியப் பொடி, லேபிள், கூலி, லாரி வாடகை எல்லாம் உற்பத்திச் செலவில் ஏறுகின்றன. இழப்பீட்டை ஆலை கட்டினால் அதுவும் ஏறும். காப்பீடு எடுத்தால் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறும். கட்டாமல் நிவாரணத்தோடு நின்றுவிட்டால் அச்செலவின் ஒரு பகுதி பொதுப்பணத்தின் தலையிலும், மிச்சமெல்லாம் மதினியின் தலையிலும் விழுகிறது. டெல்லியிலோ பம்பாயிலோ பெட்டி வாங்குகிறவர் அந்த விலையைக் கொடுப்பதே இல்லை. நம் பாடநூல் ‘புறச்செலவு’ என்பதற்கு ஆலைப் புகையைத்தான் எடுத்துக்காட்டாகத் தருகிறது. நமக்குப் புகை எதற்கு?

இதனால் தொழில் நசிந்துவிடும் என்று சில நண்பர்கள் வாதிடுகின்றனர். ஒழுங்காக இ.எஸ்.ஐ. கட்டி, காப்பீடும் எடுத்துத் தொழில் நடத்தும் முதலாளிகளும் இங்கே உண்டு. அவர்களோடு போட்டியிட்டு மலிவாக விற்பவர் எப்படி மலிவாக விற்கிறார் என்றுதான் கேட்க வேண்டும். பெரும்பாலும் விடை உள்குத்தகையில் இருக்கும். உரிமம் ஒருவர் பெயரில். அறைகளைப் பிடித்து வேலை வாங்குபவர் வேறொருவர். விபத்து நடந்ததும் உரிமக்காரர் ‘அவர் என் ஆளே இல்லை’ என்பார், குத்தகைக்காரர் தலைமறைவாவார். தன் தொழிலின் வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டாலும் இழப்பீட்டுக்கு முதன்மை முதலாளியே பொறுப்பு என்று அதே 1923ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தில் நாற்பது உயிர்கள் அளவுக்குப் போனபோதும், அச்சங்குளத்திலும், உள்குத்தகைப் பேச்சுத்தான் அடிபட்டது.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். நிவாரணத்தையும் இழப்பீட்டையும் ஒன்றாக்கி எழுதும் விடைக்கு ஒரு மதிப்பெண்கூடத் தராதீர்கள். நாளேடுகள் அவ்வாறு எழுதுகின்றன என்பது காரணமாகாது. இக்கல்லூரியில் படிக்கும் பலர் வீட்டில் இன்றும் யாரேனும் ஒருவர் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

இழப்பீடு கேட்க இரண்டாண்டு அவகாசம். மதினிக்கு அது தீருமுன் பேராசிரியர் உதவியோடு ஆணையருக்கு மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அன்று மதினி அந்த முத்திரைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “செல்லாத தாளுதானே, அடுப்புல போட்டிரட்டுமா?” என்று கேட்டார்.

“போட்டிராதீங்க மதினி” என்றேன். அண்ணன் எங்கள் ஆளே இல்லை என்று நாளைக்கு அவர்கள் சொன்னால், ‘எங்கள் ஆலையில் பணிபுரிந்து வந்தவர்’ என்று அவர்களே தட்டச்சு செய்து கொடுத்த சான்று வேறெங்கும் இல்லை. மதினி அதை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தார்.