சூரியநெல்லியில் ஒரு தாடி எண்ணெய்ப் புட்டி

நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசிக்கலாம்.

சூரியநெல்லியில் மார்கழி, தை மாதங்களில் தேங்காய் எண்ணெயை ஊற்ற முடியாது. தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறைந்துவிடும். தேயிலைத் தோட்ட லயங்களில் காலை நேரத்தில் எண்ணெய்ப் புட்டி அடுப்பருகே நிற்கும். அல்லது வாசலில் வெயில் படும் இடத்தில் காத்திருக்கும். களப்பணிக்காக அங்கே தங்கியிருந்த மாதங்களில் என் தலைக்கும் தாடிக்கும் அந்த ஒரே புட்டிதான். தோண்டுவதற்கு ஒரே ஈர்க்குச்சிதான்.

நான் தங்கியிருந்த வீட்டின் இளைய மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன். ஒரு நாள் மாலை சட்டைப்பையிலிருந்து சிறிய கறுப்புக் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்துக் காட்டினான். இணையத்தில் வாங்கியது. 30 மில்லி, 349 ரூபாய். "அண்ணே, நீங்க ஆராய்ச்சி பண்றவங்கதானே? இத தடவுனா தாடி அடர்த்தியா வருமா?" என்று கேட்டான். கன்னத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக முடி. வகுப்பில் அதற்கொரு பட்டப்பெயரும் வைத்திருந்தார்களாம். என் ஆய்வுப் பொருள் தோட்டத் தொழிலாளர் வரலாறு, முடி அன்று. ஆயினும் அந்த விலை என்னை உறுத்தியது. 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண்கள் தெருவில் அமர்ந்தபோது ஒரு நாள் கூலி 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500; பேச்சுவார்த்தைகளுக்குப் பின் கிடைத்தது 301. அதன்பின் கூலி கூடியிருக்கிறது. எனினும், அவன் தாய் கொழுந்து பறித்து ஈட்டும் ஒரு நாள் கூலியின் பெரும்பகுதி அந்தப் புட்டிக்குள் இருந்தது. லிட்டருக்குக் கணக்கிட்டால் 11,600 ரூபாய்க்கு மேல். 2025இல் தேங்காய் எண்ணெய் லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டியபோது கேரளமே கூக்குரலிட்டது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாடிக்கு எண்ணெய் தேவை. 'தாடி எண்ணெய்' என்றொரு தனிப்பொருள் தேவையில்லை. அது முடியை வளர்க்கும் என்ற வாக்குறுதியோ பொய்.

தேவை ஏன் என்பதைப் பார்ப்போம். தாடி முடி தலைமுடியைவிடத் தடிமனானது, முரடானது. முகத்தோலின் நெய்ச்சுரப்பிகள் தாடி குட்டையாக இருக்கும்வரை அதற்குப் போதிய நெய்ப்பசையைத் தந்துவிடும். தாடி நீண்டால் அது நுனிவரை எட்டாது. மலைப்பகுதியின் பனிக்கால வறண்ட காற்று, கொதிக்கக் கொதிக்க வெந்நீர், துணி துவைக்கும் கட்டிக்கு அண்ணன் முறையான ஒரு சோப்பு ஆகிய மூன்றும் இருக்கும் நெய்ப்பசையையும் அகற்றிவிடுகின்றன. தோல் வறண்டு வெண்பொடி உதிரும். முடி முறுக்கேறிக் குத்தும். எண்ணெய் இங்கே செய்யும் வேலை எளியது. முடியின் மேற்செதில்களைப் படிய வைக்கிறது. தோலிலிருந்து நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. அவ்வளவே. எண்ணெய் வாங்குவதற்கு முன் சோப்பை மாற்றினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

எந்த எண்ணெய் என்ற கேள்விக்கும் ஓரளவு விடை உண்டு. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் ரேலே, மொஹிலே இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது என்பது அதன் முடிவு. லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேர்ச்சங்கிலி வடிவினது. ஆகவே முடித்தண்டின் உள்ளே நுழைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அவ்வாய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆய்வுப்பிரிவைச் சார்ந்தவர்கள் என்பதை மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வதுண்டு. அதனால் முடிவு பொய்யாகிவிடாது; ஆனால் யார் அளந்தார் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். மேலும் அது தலைமுடியில் செய்த ஆய்வு. தாடிக்கு அதை நீட்டிப்பது நம் ஊகமே.

மறுபுறம், பாட்டன் காலத்து எண்ணெய் எல்லாவற்றுக்கும் மருந்து என்று பதிவிடும் நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நம் தோலில் வாழும் மலசேசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை கொழுப்பு அமிலங்களை உண்டு வளர்வது. தாடிக்குள் சிவந்து, மஞ்சள் செதிலாக உரியும் பொடுகு உடையவர் தாராளமாக எண்ணெய் பூசினால் பூஞ்சைக்குத்தான் விருந்து. முகப்பரு உள்ளவருக்கும் தேங்காய் எண்ணெய் ஒத்துவராது. அவர்கள் போக வேண்டிய இடம் தோல் மருத்துவரிடம். எண்ணெய்க் கடைக்கு அன்று.

இனி வளர்ச்சி. தாடியின் அடர்த்தியைத் தீர்மானிப்பவை ஆண்மை இயக்குநீர்களும், அவற்றுக்கு மயிர்க்கால்கள் எவ்வளவு செவிசாய்க்கின்றன என்பதை வகுக்கும் மரபணுக்களுமே. இருபது வயதில் திட்டுத்திட்டாக இருக்கும் தாடி முப்பதை நெருங்கும்போது நிரம்புவதுண்டு. நிரம்பாமலே போவதும் உண்டு. மேலே பூசும் பாதாம் எண்ணெயோ விளக்கெண்ணெயோ ஹோஹோபாவோ இதில் குறுக்கிட்டதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. பிறகு ஏன் 'எனக்கு வளர்ந்தது' என்று இத்தனை பேர் சாட்சி சொல்கிறார்கள்? எண்ணெய் பட்ட முடி கறுத்து மின்னும். இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து படிந்து தடித்துத் தெரியும். ஆறு மாதம் தடவினால் ஆறு மாத வயதும் கூடியிருக்கும். இரண்டின் பலனும் புட்டியின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

சட்டம் இதை அறியாததன்று. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'ஜே' அட்டவணை என்றொன்று உண்டு. எந்த மருந்தும் தீர்ப்பதாக உரிமை கோரக்கூடாத நோய்களும் குறைகளும் அதில் வரிசையாக இருக்கின்றன. வழுக்கையும் புதுமுடி வளர்தலும் அவ்வரிசையில் அடக்கம். மருந்து சொல்லக்கூடாததை ஒப்பனைப் பொருள் வேறு சொற்களில் சொல்லிக்கொள்கிறது. 'அடர்த்திக்குத் துணைபுரியும்', 'முழுமையான தோற்றம்' என்பவை போன்ற தொடர்களைக் கவனியுங்கள். ஒவ்வொன்றிலும் தப்பிப்பதற்கு ஒரு சன்னல் திறந்திருக்கும். திருச்சூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இதே வகையான வாக்குறுதி தந்த ஒரு கூந்தல் தைல நிறுவனத்துக்கும், அதன் விளம்பரத்தில் தோன்றிய நடிகருக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது 2021 சனவரியில் செய்தியாயிற்று. தாம் அந்தத் தைலத்தைப் பயன்படுத்தியதில்லை, தம் தாய் காய்ச்சித் தரும் எண்ணெயையே தேய்ப்பதாக அந்நடிகர் வாக்குமூலம் அளித்திருந்தார். கேரளத்து அம்மாக்களின் எண்ணெய்க்கு இதைவிட நேர்மையான விளம்பரம் கிடைத்ததில்லை.

இதைவிடச் சுவையான வழக்கு சேலத்திலிருந்து புறப்பட்டது. சிறு புட்டிகளில் அடைத்து விற்கும் தூய தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைமுடி எண்ணெயா என்பது கேள்வி. சேலம் மத்தியக் கலால் துறை அதைத் தலைமுடி எண்ணெய் என்றது. அப்படிச் சொன்னால்தான் அப்போது வரி கூடியது. 2018இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர். இறுதியில் 2024 டிசம்பர் 18 அன்று மூவர் அமர்வு விடை சொன்னது: புட்டி சிறியது என்பதாலேயே அது தலைமுடி எண்ணெய் ஆகிவிடாது, உறையிலும் முத்திரையிலும் அவ்வாறு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளே இருப்பது அதே எண்ணெய். பெயர்ச்சீட்டு மாறினால் பொருளே மாறுகிறது. வரிச்சட்டத்துக்கு இது நியாயமான விதியாக இருக்கலாம். தாடி எண்ணெய் வணிகம் முழுவதும் இவ்விதியின்மேல்தான் நிற்கிறது என்பதே என் வாதம். சமையலறையில் கிடக்கும் எண்ணெயோடு நறுமணம் சில துளிகள், கறுப்புக் கண்ணாடி, தாடி வைத்த ஆடவன் ஒருவனின் படம். உறையாத எண்ணெய்களைக் கலந்திருப்பது மட்டும் மலைவாசிகளுக்கு உண்மையான வசதி. அதை மறுக்க மாட்டேன். ஆனால் நல்லெண்ணெயும் எங்கள் குளிரில் உறைவதில்லை.

இவ்விடத்தில் சூரியநெல்லிக் கடைத்தெருவில் முடிதிருத்தகம் நடத்தும் பெரியவரைச் சொல்லியாக வேண்டும். தமிழகத்தில் முடிதிருத்தும் சமூகத்தினருக்கு மருத்துவர் என்றொரு பெயர் உண்டு. சவரக்கத்தி பிடித்த குடும்பத்துப் பெண்களே பிரசவமும் பார்த்தார்கள். அந்த அறிவு பல்கலைக்கழகங்களுக்குள் நுழையவில்லை. நுழைந்த இடங்களிலும் யாரிடமிருந்து வந்தது என்று எழுதப்படவில்லை. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுவோர் 41 நாள் சவரம் செய்வதில்லை. பலர் எண்ணெயும் தொடுவதில்லை. மலையின் கடுங்குளிரும் அதே நாள்களில்தான். விரதம் முடித்து வருவோரின் வறண்டு வெடித்த தாடைகளை ஆண்டுதோறும் பார்ப்பவர் அவர். வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டுச் சற்றுநேரம் வைப்பார். பிறகு உள்ளங்கையில் மூன்று துளி நல்லெண்ணெய். "ஈரம் காயுறதுக்குள்ள தடவணும் தம்பி. காஞ்ச முடியில தடவுனா தூசிதான் ஒட்டும். முடிக்குத் தடவாதீங்க, தோலுக்குத் தடவுங்க, முடி தானா எடுத்துக்கும்" என்றார். நான் படித்த தோல்மருத்துவக் கட்டுரைகள் பக்கம் பக்கமாகச் சொல்வதும் ஏறத்தாழ இதுதான். அவர் இதற்குத் தனிக்கட்டணம் வாங்குவதில்லை.

மாணவனின் கதைக்கு வருகிறேன். இரண்டு வாரத்தில் அவன் தாடையில் அரிப்புடன் சிவந்த தடிப்பு கண்டது. பெரும்பாலும் நறுமணப் பொருளின் ஒவ்வாமையாக இருக்கும். அத்தகைய எண்ணெய்களில் அது அரிதன்று. தடவுவதை நிறுத்தினான், தடிப்பு அடங்கியது. "அப்ப வராதாண்ணே?" என்று மறுபடியும் கேட்டான். வந்தாலும் வரும், அவசரப்படாதே, மருந்து வேண்டுமென்றால் மருத்துவரைக் கேள் என்றேன். சுவரில் அவன் பெற்றோரின் திருமணப் படம் தொங்கியது. அப்பாவுக்கு மீசை மட்டும் இருந்தது, அதுவும் மெலிதாக. இருவரும் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தோம்.

புட்டியில் பாதிக்குமேல் மிச்சமிருந்தது. அவன் அம்மா இப்போது அதை இரவில் குதிகால் வெடிப்புக்குத் தடவிக்கொள்கிறார். நன்றாகக் கேட்கிறதாம்.