நீயாக எழுதிக் கொடுக்காதே



ஐடி கம்பெனிகளில் ஆட்குறைப்பு என்ற பேச்சு வந்ததுமே நம் வீடுகளில் ஓர் அறிவுரை கிளம்பிவிடுகிறது: "அவன் அனுப்புறதுக்கு முன்னாடி நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துடு. கௌரவமா இருக்கும்."

இது தவறான அறிவுரை. கணக்கு வாத்தியார் என்பதால் கணக்காகவே சொல்கிறேன்.

ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தரவேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி சம்பளம் இழப்பீடு. 1947 சட்டத்திலும் இது இருந்தது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. 8 ஆண்டு என்றால் 120 நாள் சம்பளம். வேறு வேலை தேடும் நாலு மாதத்துக்கு வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதில் ஓடும். நீயாக எழுதிக் கொடுத்தால் இந்த இழப்பீட்டைக் கேட்க வழியில்லை. அதனால்தான் உன்னை அறைக்குள் கூப்பிட்டு அவசரப்படுத்துகிறார்கள்.

"எனக்கு மேனேஜர்னு பதவி சார், சட்டம் பொருந்தாது" என்பார்கள் சிலர். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பொருந்தாதுதான். ஆனால் பதவியின் பெயர் அதை முடிவு செய்யாது, செய்யும் வேலைதான் முடிவு செய்யும். ஒரு வக்கீலைக் கேள். நல்ல தொகையை எழுத்தில் தந்தால் யோசிக்கலாம். அன்றைக்கே, அதே அறையில், வெறுங்கையோடு கையெழுத்துப் போடாதே.

அடுத்த நேர்காணலில் அசிங்கம் என்கிறார்களே? ஆட்குறைப்பு இன்று ஊரறிந்த விஷயம். கையில் வேறு வேலை இல்லாமல் ஏன் ராஜினாமா செய்தாய் என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியாமல் திணறுவாய்.

பேச்சு காதில் விழுந்த அன்றே தேடத் தொடங்கு. சம்பளச் சீட்டு, படிவம் 16, பிஎஃப் எண் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள். கம்பெனியின் ரகசியக் கோப்புகளைத் தொடாதே. பெற்றோரும் கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், வேலையில் இருக்கும்போதே தனிப் பாலிசி பார். வீட்டில் மறைக்காதே. தெரிந்தால்தானே நாலு பேர் நாலு இடத்தில் சொல்வார்கள்?

உறவினர்களுக்கும் ஒன்று. கல்யாண வீட்டில் "வேலை போயிடுச்சாமே" என்று கிசுகிசுப்பதை நிறுத்துங்கள். பிள்ளைகள் அவசரமாகக் கையெழுத்துப் போடுவது கம்பெனிக்குப் பயந்து மட்டுமல்ல, உங்கள் வாய்க்கும் பயந்துதான். "ரெஸ்யூமே அனுப்புப்பா, கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள்.

ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் என் மாணவர்கள் எனக்கு எழுதுங்கள். தேவைப்படுகிறவர்களை நான் அனுப்புகிறேன்.