கடைப் பிள்ளைகளின் சோற்றுப் பார்சல்

புறக்கோட்டையில் லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பும் முதலாளிமார், தம்மிடம் வேலை செய்யும் பிள்ளைகள் அவிழ்க்கும் பார்சலை ஒரு தடவையாவது எட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளைச் சோறு, ஒரு துண்டுக் கோழி, பருப்பு, கிழங்கு, பப்படம். ஓரத்தில் ஒரு கரண்டி கீரைச் சுண்டல் இருந்தாலும், அது பெரும்பாலும் பார்சல் தாளோடு சேர்ந்து குப்பைக்குத்தான் போகிறது. இரவில் கொத்து, இடையில் ரோல்ஸும் பிளேன்டீயும். வெளியூர்களிலிருந்து வந்து கடை மாடியில் தங்கியிருக்கும் இளைஞர் பலரின் உணவு இதுவே.

கரட், பூசணி, பப்பாசி, மாம்பழம் என்பவற்றுக்கு மஞ்சள், செம்மஞ்சள் நிறத்தைத் தருவது கரோட்டினொயிட் எனப்படும் பொருளாகும். வல்லாரை, பொன்னாங்காணி போன்ற கீரைகளிலும் அது நிறைய உண்டு. பச்சை நிறம் அதனை மறைத்து விடுகிறது. இவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக் கொள்கிறது. பார்வைக்கும், தோலுக்கும், நோயை எதிர்க்கும் சக்திக்கும் அது அவசியம். நாளொன்றுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு கரண்டிச் சுண்டல் எந்த மூலைக்கு?

கட்டுப்படியாகாது என்பார்கள். கோழிக்கு அந்தக் கதையைச் சொல்லலாம், பூசணிக்குச் சொல்ல முடியாது. அறுவடைக் காலத்தில் தம்புள்ளையில் பூசணி விலை விழுந்து, வாங்க ஆளின்றிக் கிடந்த வருடங்களை எமது மொத்த வியாபாரிகளே நன்கறிவர். குளிரூட்டியின்றியே வாரக்கணக்கில் வைத்திருக்கக் கூடிய பொருள் அது. எமது உம்மாமார் பூசணியைத் தேங்காய்ப்பாலில் சமைத்ததும், கீரைக்குத் தேங்காய்ப்பூ சேர்த்ததும் ருசிக்காக இருக்கலாம். ஆனால் கொழுப்போடு சேரும்போதுதான் கரோட்டினை உடல் நன்கு உறிஞ்சுகிறது.

பிள்ளைகள் மரக்கறி சாப்பிடுவதில்லை என்பது சாப்பாட்டுக் கடைக்காரர் சொல்லும் சாட்டு. காலையில் சுண்டி, மத்தியானத்தில் கறுத்துப் போன கீரையை யார்தான் சாப்பிடுவார்? கொத்தில் போடும் கரட்டையும் லீக்ஸையும் இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். எவரும் கொத்தைத் திருப்பி அனுப்ப மாட்டார்.

இதற்கெல்லாம் மாத்திரை இருக்கிறதே என்று பாமசி வைத்திருக்கும் நண்பர்கள் சொல்லக்கூடும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் அதிகமாகவே காணப்பட்டது. கடைக்குப் பின்னால் நின்று சிகரட் பிடிக்கும் எமது பிள்ளைகளுக்கு அந்த மாத்திரை உகந்ததல்ல.

ஹலாலா என்று விசாரிக்கும் நாம், தையிபானதா என்று விசாரிப்பது குறைவு. அடுத்த மாதம் பார்சல்காரரிடம் கணக்கு முடிக்கும்போது, கோழித் துண்டின் அளவை மட்டும் பேசாமல், கிழமையில் எத்தனை நாள் பூசணி, எத்தனை நாள் கீரை என்பதையும் பேசிக் கொள்ளலாம். அவர் கூடுதலாகக் கேட்கும் காசை முதலாளியே கொடுக்கட்டும். பிள்ளையின் சம்பளத்தில் வெட்ட வேண்டாம்.