சட்டக் கல்லூரி நுழைவும் மொழிக் கூர்மையும்

சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வெளியாகுந் தோறும் எனது இல்லத்து முன்றிலில் இளைஞர் வரவு சிறிது மிகுவதுண்டு. தமிழ் கற்பிக்கும் ஒருவனிடம் சட்டம் பயில விரும்புவோர்க்கு என்ன அலுவல் என ஐயுறுவோர்க்கு இரண்டு காரணங் கூறலாம். யான் சமாதான நீதவானுமாதலாற் சத்தியக்கடதாசிக்கு ஒப்பமிடும் அதிகாரம் உடையேன், இஃதொன்று. அப்பரீட்சையின் வினாத்தாள் இரண்டனுள் ஒன்று மொழித்தாள், இது மற்றொன்று. முன்னைய காரணம் பற்றி வருவோர் பலர். பின்னையது பற்றி வருவோரை ஒரு கை விரல்களுள் எண்ணி முடித்துவிடலாம். இவ்வேற்றுமையே இதனை எழுதுதற்கு ஏதுவாயிற்று.

சத்தியக்கடதாசியைப் பற்றி முதலிற் சிறிது கூறுவேன். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், பரீட்சைப் பெறுபேற்றில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்ட பெயரோடு வருவோர் ஆண்டுதோறும் உளர். தந்தை பெயரில் ஓரெழுத்துக் குறைந்திருக்கும். அன்றித் தமிழிற் செவ்வையாயிருந்த பெயர் ஆங்கில எழுத்துக்கு மாறுங்கால் உருத்திரிந்திருக்கும். அவ்விரண்டு பெயரும் ஒருவரையே குறிப்பன என்று சத்தியஞ் செய்தாலன்றி விண்ணப்பம் நிறைவுறாது. அண்மையில் அவ்வாறு வந்த மாணவி ஒருத்தி, “ஓரெழுத்துத்தானே ஐயா, இதற்கு இவ்வளவு அலைச்சலா?” என்றாள். “பிள்ளை, நீர் பயிலப் புகுந்த துறையில் ஓரெழுத்தைப் பற்றியே ஆண்டுக் கணக்கில் வழக்கு நடக்கும். முதற் பாடம் இங்கேயே தொடங்கிவிட்டதென்று கொள்ளும்” என்றேன். அவள் சிரித்தாள். யான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கொழும்புப் புதுக்கடையிலுள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி 1874ஆம் ஆண்டிலே தொடங்கப் பெற்றது. அந்நாளில் வழக்குரைத்தவர்கள் அப்புக்காத்துமார் எனவும் பிரக்கிராசிமார் எனவும் இருவேறு வகுப்பினராயிருந்தனர். 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் அவ்வேற்றுமையைப் போக்கிச் சட்டத்தரணி என்னும் ஒரு பெயரையே எல்லார்க்கும் உரியதாக்கிற்று. பல்கலைக்கழகத்திற் சட்டமாணிப் பட்டம் பெற்று வருவோர் செல்லும் வழி வேறு. அவ்வழிக்கு வேண்டிய இசட் புள்ளி வாய்க்காதவரும், உயர்தரத்திலே வேறு துறை பயின்றவரும், தொழில் புரிந்துகொண்டே சட்டம் பயில அவாவுவோரும் நாடுவது இந்நுழைவுப் பரீட்சையையே. உயர்தரத்தில் மூன்று பாடங்களிற் சித்தியும், சாதாரண தரத்திலே தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் திறமைச் சித்தியும் இதற்கு வேண்டப்படுவன. வினாத்தாள் ஒன்று பொது அறிவையும் நுண்ணறிவையும் சோதிக்கும். மற்றையது சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மூன்றனுள் விண்ணப்பதாரர் தெரிந்துகொண்ட மொழியில் அவர்க்குள்ள வல்லமையைச் சோதிக்கும்.

சட்டநூலறிவை இப்பரீட்சை வேண்டி நிற்பதன்று என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். சட்டம் பயிற்றுவோர், தம்மிடம் வருபவன் சட்டம் அறிந்தவனாயிருத்தல் வேண்டுமென எதிர்பார்த்திலர். உலக நடப்பை அறிந்தவனாகவும், காரண காரியத் தொடர்பை உணரவல்லவனாகவும், ஒரு மொழியைப் பிழையறக் கையாள்பவனாகவும் இருத்தலையே எதிர்பார்த்தனர். அவர்கள் கருத்து மிகச் சரியானதென்பது என் துணிபு. ஆயின் நம் மாணவர் ஆயத்தஞ் செய்யும் முறையோ இதற்கு நேர்மாறாயிருக்கின்றது. பழைய வினாக்களைத் திரட்டிய கட்டொன்றை வாங்கி, நாடுகளின் தலைநகர்களையும் நாணயங்களையும் நெட்டுருப் பண்ணி, ‘தமிழ்தானே, அது தானே வரும்’ என மொழித்தாளை இறுதிக் கிழமைக்கு ஒதுக்கிவிடுவர். பொது அறிவை நாளேட்டை ஒழுங்காக வாசிப்பவன் ஈட்டிக்கொள்ளலாம்; அதுபற்றிக் கவலையில்லை. தானே வரும் என்று விடப்பட்ட தமிழ்தான் வாராது போகின்றது.

‘இலக்கணத்துக்கும் சட்டத்துக்கும் என்ன உறவு?’ என்று வினவுவார்க்கு ஓர் உதாரணங் காட்டுவேன். ஒருவர் தம் உறுதியிலே, ‘இக்காணியை என் மூத்த மகளுக்குக் கொடுத்தேன்’ என எழுதுவிக்கின்றார் என்க. அதனையே ‘மூத்த மகளுக்கே’ என்றால், ஏகாரம் மற்றைப் பிள்ளைகளைப் பிரித்து விலக்கிவிடும், அது பிரிநிலை. ‘மூத்த மகளுக்கும்’ என்றாலோ, சொல்லப்படாத பிறர்க்கும் கொடை உண்டென்பது தொக்கு நிற்கும், அது எச்சவும்மை. காணி அதுவே, எழுதுவித்தவர் அவரே. இடைச்சொல் ஒன்று மாறப் பிள்ளைகளின் வாழ்வு மாறிவிடுகின்றது. இன்னும், ‘நீதவான் பிணை வழங்கலாம்’ என்பதும் ‘நீதவான் பிணை வழங்குதல் வேண்டும்’ என்பதும் ஒன்றல்ல. முன்னையதிலே நீதவானின் தற்றுணிபு இருக்கின்றது. பின்னையதிலே மறியலில் இருப்பவனின் உரிமை இருக்கின்றது. ஏகாரத்தின் பொருள்களையும் உம்மையின் பொருள்களையும் நன்னூலார் தனித்தனியே எண்ணிக் காட்டியதை வகுப்பறையிற் சலிப்போடு கேட்டிருந்த மாணவன், பின்னாளிலே நீதிமன்றத்தில் அவற்றை மீண்டுஞ் சந்திப்பான். அப்பொழுது அவன் கையில் இருப்பது பிறருடைய காணி.

இவ்வுறவு சொல்லளவில் நிற்பதுமன்று. நம் உரையாசிரியர்கள் நூலொன்றை அணுகிய முறையைப் பாருங்கள். காண்டிகை உரையாவது சூத்திரத்தின் கருத்தைக் கூறிப் பதப்பொருள் உரைத்து, எடுத்துக்காட்டுத் தந்து, வினாவும் விடையுமாக ஐயம் அகற்றுவது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையை எடுத்து வாசித்தபோது எனக்குப் பெருவியப்பு உண்டாயிற்று. விதியைக் கூறுகின்றது, சொற்களுக்கு வரைவிலக்கணந் தருகின்றது, வேண்டுமிடங்களில் விளக்கம் எழுதுகின்றது, பின்னர், இன்னான் இன்னது செய்தான், அது குற்றமாம், அல்லது ஆகாது என எடுத்துக்காட்டுகளை அடுக்குகின்றது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டமும் அவ்வாறே அமைந்தது. இவை இந்தியச் சட்டங்களைத் தழுவி ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்டவை. நம் காண்டிகைக்கும் அவற்றுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்ததென்று யான் சொல்லவில்லை. அத்தகைய பழம்பெருமை பேசுதல் எனக்கு உவப்பானதுமன்று. ஒரு விதியை ஐயமின்றி உணர்த்த முயல்வார், எம்மொழியினராயினும், ஏறத்தாழ ஒரே முறையைச் சென்றடைகின்றனர் என்பதே யான் கண்டது. ஆகவே உரையொன்றைத் தடைவிடைகளோடு பாடங்கேட்ட மாணவனுக்குச் சட்டநூல் அயலானதாயிராது.

இதனை வாழ்ந்து காட்டியவர் நம்மவருள் இருந்தனர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1857ஆம் ஆண்டிலே சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரியாகி, 1871ஆம் ஆண்டிலே சட்டப் பட்டமும் பெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராயிருந்தார். பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியுமானார். சட்டம் பயின்றபோது அவருக்கு அகவை நாற்பதை அடுத்திருந்தது. ஏடுகளை ஒப்புநோக்கி 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த கையும், வாதியின் சான்றையும் பிரதிவாதியின் சான்றையும் ஒப்புநோக்கிய கையும் ஒன்றே. பாடவேறுபாட்டைத் தீர்க்கும் பொறுமை எங்கிருந்து எங்குச் சென்றது என்பதைக் கூறுதல் எளிதன்று.

இனி, நாட்டு நடப்புக்கு வருவோம். 2020ஆம் ஆண்டின் இறுதியில், சட்டக் கல்லூரிப் பரீட்சைகளைப் புதிதாகச் சேர்வோர் ஆங்கிலத்திலேயே எழுதுதல் வேண்டுமென்னும் விதி வர்த்தமானி வாயிலாக வெளியிடப்பட்டது. மாணவரிடையே அது பெருங் கலக்கத்தை உண்டாக்கிற்று. தமிழ் மாணவர் மாத்திரமல்லர், சிங்கள மாணவரும் எதிர்த்தனர். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவ்விதி நாடாளுமன்றத்தின் அங்கீகாரத்துக்கு வந்தபோது நிராகரிக்கப்பட்டது. தாய்மொழியிற் பரீட்சை எழுதும் உரிமை இவ்வாறு காக்கப்பட்டது.

விதியை ஆக்கியோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. நமது பொதுச் சட்டம் உரோம ஒல்லாந்த அடிப்படையையும் ஆங்கிலச் சட்டத்தையும் சார்ந்தது. முன்தீர்ப்புக்களைத் திரட்டிய அறிக்கைகள் ஆங்கிலத்தில் உள்ளன. மேன்முறையீட்டு நீதிமன்றிலும் உயர் நீதிமன்றிலும் வாதமும் தீர்ப்பும் பெரிதும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றன. ஆங்கிலம் அறியாத சட்டத்தரணி தன் கட்சிக்காரரை மாவட்ட நீதிமன்றப் படியோடு கைவிட நேரும். இவையாவும் உண்மையே. ஆயின் அரசியலமைப்பின் 1988ஆம் ஆண்டுப் பதினாறாந் திருத்தத்தின்படி சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள். வடக்கிலுங் கிழக்கிலும் முதனிலை நீதிமன்றங்களிலே தமிழில் விசாரணை நடைபெறுகின்றது. சாட்சிக் கூண்டில் ஏறும் விதவைத் தாயை ஆங்கிலத்திற் குறுக்கு விசாரணை செய்ய இயலுமா? நீதிமன்றம் பேசும் மொழியிலே சட்டத்தரணி பரீட்சை எழுதலாகாதென்பது பொருந்தாக் கூற்று. விதி நிராகரிக்கப்பட்டது நன்றே.

நன்று என்று மகிழ்ந்தவர்கள் அதன் பின்னர் செய்ததென்ன என்பதுதான் என் மனத்தை உறுத்தும் வினா. தமிழிற் பரீட்சை எழுதும் உரிமை கிடைத்துவிட்டது. எதனைப் படித்து எழுதுவது? ஒப்பந்தச் சட்டத்துக்கும் தீங்கியற் சட்டத்துக்கும் தமிழிலே நிறைவான பாடநூல் கேட்டு மாணவர் வருகின்றனர். முன்னவர்கள் எழுதிய குறிப்புக்களின் நிழற்பிரதியே அவர்களுக்குக் கிடைக்கின்றது. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு குறிப்பில் ஒரு தமிழ்ச் சொல், மற்றதில் வேறொரு தமிழ்ச் சொல். பிரதி எடுக்க எடுக்க எழுத்து மங்குவது போலப் பொருளும் மங்குகின்றது. இக்குறை சட்டம் அறிந்தாருடையது மட்டுமன்று. தமிழ் அறிந்தோம் என்று இருக்கும் எம்போல்வாருடையதுமாகும். கலைச்சொல்லாக்கத்தின்போது ஒருவரும் எங்களை அழைக்கவில்லை என்று முறையிடுவோம். அழையாமலே சென்று உதவியவர் யாவர்?

மொழிபெயர்ப்பு எத்துணைப் பொறுப்புடைய செயலென்பதை யாழ்ப்பாணத்தவர் மறத்தலாகாது. தேசவழமை 1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவராற் தொகுக்கப்பட்டது. நம் வழக்கங்கள் முதலில் ஒல்லாந்த மொழியில் எழுதப்பட்டு, பின்னர்த் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, முதலியார் பன்னிருவர் பார்வைக்கு விடப்பட்டன. அவர்கள் ஒப்பிய பின்னரே அது நிலைபெற்றது. 1806ஆம் ஆண்டில் ஆங்கில அரசும் அதற்குச் சட்டவலு அளித்தது. நம் சொந்த வழக்கமே பிறமொழி வழியாக நம்மிடம் திரும்பி வந்தபோது, சொற்சொல்லாகப் பார்த்துச் சரியென்று கூறப் பன்னிருவர் வேண்டியிருந்தனர். இன்று வெளிவரும் சட்டங்களின் தமிழுரையை அவ்வாறு பார்ப்பவர் பன்னிருவர் உளரா?

பார்க்க வேண்டிய தேவை பெரிது. நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்களின் இறுதியிலே வழக்கமாகப் பிரிவு ஒன்று காணப்படும்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை ஏற்படுமிடத்துச் சிங்கள உரையே மேலோங்கி நிற்கும் என்பது. இரு மொழியும் ஆட்சிமொழி என 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாந் திருத்தம் வழங்கியதை இச்சிறு பிரிவு ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் நின்று நோக்குகின்றது. இது நீதியா என்பது அரசியலார் ஆராய வேண்டியது. சட்டம் பயிலப் புகும் தமிழ் மாணவன் அறியவேண்டியது வேறொன்று. தமிழுரையை மட்டும் படித்தவன், மேலோங்கி நில்லாத உரையைப் படித்தவன் ஆகின்றான். அதிலே ஏகாரம் ஒன்று தவறியிருந்தால், அவன் அதைச் சிங்கள உரையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தல் வேண்டும். கண்டுபிடித்ததை நீதிமன்றிலே தமிழில் விளக்குதல் வேண்டும். மேன்முறையீட்டிலே ஆங்கிலத்தில் நிறுவுதல் வேண்டும். மூன்று மொழியுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை பரீட்சை மண்டபத்தோடு முடிந்துவிடுகின்றது.

ஆதலின் இப்பொழுது என்னிடம் வரும் மாணவர்க்கு யான் கொடுக்கும் வேலை அவர்கள் எதிர்பார்ப்பதினும் வேறானது. ஏதேனும் ஒரு சட்டத்தின் தமிழுரையிலே பத்துப் பிரிவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் தம் பாட்டி விளங்கிக்கொள்ளத்தக்க தமிழில் எழுதிவரச் சொல்வேன். பொருள் கூடவுங் கூடாது, குறையவுங் கூடாது. பிறகு அதே பிரிவுகளின் ஆங்கிலத்தைக் காட்டி வேற்றுமை எங்கேயெனக் கேட்பேன். முதல் நாளில் வரும் பத்துப் பேரில் மூவரே அடுத்த கிழமை திரும்பி வருவர். வினாக்கட்டு விற்குங் கடையில் இவ்வளவு துன்பம் இல்லை.

பெயரில் ஓரெழுத்துப் பிழைத்த அந்த மாணவி அம்மூவருள் ஒருத்தி. சத்தியக்கடதாசியைப் பெற்று விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டாள். சென்ற ஞாயிறன்று வந்தவள் கையிலே சட்டமொன்றின் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று தமிழ், மற்றையது சிங்களம். சிங்களம் எழுத்துக்கூட்டி வாசிக்க அயலிலுள்ள ஆசிரியை ஒருவரிடம் கற்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னாள். ஆறாம் பிரிவிலே தமிழில் ‘அல்லது’ என்றிருந்த இடத்துக்குப் பென்சிலால் கோடிட்டு, “ஐயா, சிங்களத்திலே இவ்விடத்தில் ‘உம்’ என்னும் பொருள்படத்தான் இருக்கின்றது போலும், என் வாசிப்புப் பிழையா, அச்சுப் பிழையா?” என்றாள். எனக்குச் சிங்களம் அவ்வளவு தெரியாது. அவ்வாசிரியையிடம் இருவருமாகச் சென்று கேட்பதென்று முடிவு செய்தோம்.