பாதி ஷட்டருக்குள்

எங்கள் ஊர் அரசுப் பள்ளி வாசலுக்கு நேர் எதிரே என் கடை. நோட்டு, பேனா, ஜெராக்ஸ். 2020 மார்ச்சில் கொரோனா தொற்றால் பள்ளியை மூடினார்கள். சில மாதங்களில் கடை திறக்க அனுமதி வந்துவிட்டது. ஆனால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் அந்த வாசலுக்குத் திரும்பி வந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். பிள்ளை இல்லாத வாசலில் கடையைத் திறந்து என்ன செய்ய?

ஜூன் விற்பனைக்கென்று பிப்ரவரியிலேயே தண்டலுக்கு வாங்கி நோட்டு இறக்கியிருந்தேன். 10,000 என்று எழுதி 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டவேண்டும். முழு ஆண்டுத் தேர்வு ஜெராக்ஸ் வருமானத்தில் அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ரிசர்வ் வங்கி ஆறு மாதத் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது; தண்டலை யார் தள்ளிவைப்பது? 3 லட்சம் கோடி அவசரக் கடன் அறிவித்தார்கள். அது ஏற்கெனவே வங்கியில் கடன் வைத்திருந்தவர்களுக்கு. தள்ளுவண்டிக்காரர்களுக்கு 10,000 கடன் கொடுத்தது நியாயம். ஷட்டர் இருப்பதால் நான் அதிலும் சேரவில்லை.

வாரம் ஒருநாள் ஜெராக்ஸ் மெஷினை ஓட்டிவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவேன். ஷட்டரைப் பாதி இறக்கி, எலி கடித்த நோட்டுக்கட்டுகளுக்கு நடுவே மத்தியானம்வரை உட்கார்ந்திருப்பேன். கடையில் வேலை பார்த்த பெண்ணுக்குக் கம்மலை அடகுவைத்து இரண்டு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தேன். மூன்றாம் மாதம் அவளே "வேணாம்க்கா" என்றாள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ரேஷன் கடையில் அரசின் நிவாரணம் 1,000 ரூபாய்க்கு நின்றபோது, "கடைக்காரம்மா, நீங்களுமா?" என்றார் ஒருவர். முதலாளி என்ற பெயர் அன்று சுட்டதுபோல வேறு எதுவும் சுட்டதில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2019இல் தற்கொலை செய்துகொண்ட வணிகர்கள் 9,052 பேர். 2020இல் 11,716. அந்த ஆண்டு விவசாயத்துறையில் தற்கொலை செய்துகொண்டவர்களைவிட அதிகம். எத்தனை பேர் என்னைப்போலப் பாதி ஷட்டருக்குள் உட்கார்ந்திருந்தார்களோ.

தொற்றுக் காலத்தில் கணக்கெடுக்கும் பெண்கள் வீடு வீடாக வந்து காய்ச்சல் உண்டா, சளி உண்டா என்று கேட்டார்கள். வெயிலில் அலைந்த அந்தப் பெண்களை நான் மறக்கமாட்டேன். வீடுகளைப்போலக் கடைக்காரர்களான எங்கள் பட்டியலும் உள்ளாட்சியிடம் இருக்கிறது; வருடாவருடம் உரிமக் கட்டணம் கட்டுகிறோமே. இன்னொரு தொற்று வந்தால், அரசு வங்கி ஏட்டைப் பார்க்காமல் அந்தப் பட்டியலைப் பார்த்து, கடை வாடகைக்காவது திருப்பிக் கேட்காத பணம் தரட்டும். காய்ச்சல் கேட்க வருபவர்கள் அதே பட்டியலோடு கடைவீதிக்கும் வந்து, "ராத்திரி தூங்குறீங்களாம்மா?" என்று கேட்கட்டும்.