இலந்தைக்குக் கவாத்து

நம் வீடுகளில் பழம் என்றால் ஆப்பிளுக்குத்தான் முதல் ஸ்தானம். ஜுரத்தில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனாலும் ஆப்பிள். பெண் பார்க்கப் போனாலும் ஆப்பிள். இலந்தைப் பழமோ பள்ளிக்கூட வாசலில் கூறு கட்டி விற்கும் பாட்டியோடு நின்றுவிட்டது. இத்தனைக்கும் விடமின் 'ஸி' சத்தில் இலந்தை ஆப்பிளைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. பத்ரிநாத்தைப் 'பதரி' என்று சொல்லுகிறோமே, அந்த வடமொழிச் சொல்லுக்கு அர்த்தமே இலந்தை என்பதுதான். ஒரு திவ்ய க்ஷேத்திரத்துக்குப் பெயர் கொடுத்த மரத்துக்கு நாம் அளித்திருக்கும் மரியாதை இவ்வளவு!

ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் இன்று பிரயாணம் செய்கிறவர்களுக்கு ஏரியும் வயலும் நினைவுக்கு வருவது அரிது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்க ஆரம்பித்தார்கள். 2010-ல் ஒரகடத்திலும் ஆரம்பித்தார்கள். நிலத்தின் பெரும் பகுதி கை மாறிவிட்டது. ஆயினும் அரை ஏக்கரும் ஓர் ஏக்கருமாக மேட்டு நிலம் வைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டுப் பிள்ளைகள் 'ஷிப்டு' வேலைக்குப் போகிறார்கள். கூலிக்கு ஆள் அகப்படுவதில்லை. ஆகவே நிலத்தைச் சீமைக் கருவேல் மூடுகிறது. அல்லது மனைக் கல் நட்டுவிடுகிறார்கள்.

தொழிற்சாலையே கூடாது என்பது என் கட்சியல்ல. ஆனால் 2006-ல் ஆரவாரத்தோடு திறந்த கைப்பேசித் தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டதை அந்த வட்டாரம் கண்ணால் பார்த்திருக்கிறது. எட்டு வருஷம் என்பது ஓர் இலந்தை மரம் நன்றாகக் காய்க்கத் தலைப்படும் வயசு, அவ்வளவுதான். மிஞ்சியிருக்கும் துண்டு நிலத்தை நிலமாகவே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு, குறைந்த தண்ணீரிலும் குறைந்த ஆள் பலத்திலும் நிற்கக்கூடிய மரங்களுள் இலந்தை ஒன்று. அதன் வேர் ஆழப் போகிறது. கோடையில் நமக்குத் தண்ணீர் இல்லாத அதே சமயத்தில் அது இலையை உதிர்த்துவிட்டுத் தூங்குகிறது. இவ்வளவு நாகரிகமாக நடந்துகொள்ளும் மரங்கள் அதிகம் இல்லை.

"வைத்துவிட்டு மறந்துவிடலாம், அப்படித்தானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் வந்தது வினை. இலந்தைத் தோப்புப் போட்டவர்கள் பலர் ஏமாந்தது அந்த ஒரு வார்த்தையினால்தான். பனாரஸி, உம்ரான், கோலா, கைத்லி என்று உயர்ந்த ரகங்கள் இருக்கின்றன. வறண்ட நிலப் பழங்களையும் ஆராய அருப்புக்கோட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் ரகத்தின் பெயரில் விளைச்சல் இல்லை. கவாத்துக் கத்தியில்தான் இருக்கிறது.

காரணம் எளிது. இலந்தை பழைய கிளையில் காய்ப்பதில்லை. அந்த வருஷம் விடும் புதுத் தளிரில், இலைக்கக்கத்தில்தான் பூக்கிறது. வெட்டாமல் விட்ட மரம் முள்ளும் சுள்ளியுமாக அடர்ந்து, வருஷத்துக்கு வருஷம் பழம் சிறுத்துக்கொண்டே போகும். பழம் பறித்து முடிந்து, மாசி வாக்கில் மரம் ஓயும்போது, சென்ற வருஷத்துக் கிளைகளைக் குறைத்துவிட வேண்டும். நெருங்கியவற்றையும் காய்ந்தவற்றையும் அடியோடு எடுக்க வேண்டும். கையால் வளர்த்த மரத்தை மொட்டையாக்க யாருக்கும் மனம் வராது என்பது வாஸ்தவமே. ஆனால் வெட்டிய கிளையின் தழையை ஆடுகள் ஆவலோடு தின்னும். முள் வேலிக்கு ஆகும். வருஷத்துக்கு ஒரு முறை செய்யும் வேலையாதலால், லீவு நாட்களில் வீட்டு மனிதர்களே முடித்துவிடலாம்.

நடும் விஷயத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. பையில் வளர்த்த கன்றை எடுத்து நடும்போது ஆணிவேர் ஒடிந்துபோகும். ஆகையால் எட்டு மீட்டருக்கு ஒன்றாக, ஒரு மீட்டர் ஆழ அகலத்துக்குக் குழி எடுத்து, தொழுவுரமும் மேல்மண்ணும் நிரப்பி, அந்த இடத்திலேயே காட்டிலந்தைக் கொட்டையை ஊன்றுவது மேல். ஏக்கருக்குச் சுமார் 62 மரம் வரும். கொட்டைகளை உப்பு நீரில் போட்டு, மிதப்பவற்றைத் தள்ளிவிடுங்கள். ஓட்டைப் பக்குவமாக உடைத்துப் பருப்பை ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். உடைக்காவிட்டால் மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். கன்று பென்ஸில் பருமன் ஆனதும் நல்ல ரகத்தின் கண்ணைப் பட்டையோடு எடுத்து ஒட்டுக் கட்டலாம். அதற்குப் பிறகு ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிர்களை ஈவிரக்கமின்றிக் கிள்ள வேண்டும். இதில் அசிரத்தையாக இருந்தால் காட்டிலந்தை தலையெடுத்து, நல்ல ரகத்தை அமுக்கிவிடும். பிறகு, "கன்று விற்றவன் ஏமாற்றிவிட்டான்" என்று சண்டைக்குப் போவதில் பிரயோஜனமில்லை. ஒரே ரகமாக வைக்காமல் இரண்டு மூன்று ரகம் கலந்து வைத்தால்தான் மகரந்தம் சேர்ந்து காய் நன்றாகப் பிடிக்கும்.

பரம வைரி பழ ஈ. பிஞ்சிலேயே முட்டை இட்டுவிடும். புழு சதையைத் தின்று, மண்ணில் இறங்கிக் கூட்டுப் புழுவாகும். கொட்டிய பழங்களை அன்றன்று பொறுக்கி அழிப்பதும், கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்தி வெயில் காட்டுவதும் மருந்து தெளிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. வேலியோரத்துக் காட்டிலந்தைப் புதர்களையும் கவனிக்காவிட்டால் ஈ அங்கே குடியிருந்துகொண்டு தோப்புக்கு விருந்துக்கு வரும். பனிக் காலத்துச் சாம்பல் நோய்க்கு, தண்ணீரில் கரைத்துத் தெளிக்கும் கந்தகத் தூள் போதும்.

நன்கு பராமரித்த, வயது வந்த மரம் ஒன்று வருஷத்தில் 100 கிலோ வரையில் கொடுக்கும் என்கிறார்கள். எல்லாம் ஒரே நாளில் பழுப்பதில்லை. நாலைந்து முறை பறிக்க வேண்டும்.

சமீப காலத்தில் தாய்லாந்திலிருந்து வந்த 'ஆப்பிள் இலந்தை' கடைகளில் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. பெரிய பழம்தான்; நறுக்கென்றும் இருக்கிறது. ஆனால் புளிப்பும் வாசனையும் எங்கே? நம் இலந்தையாயிற்றே என்று பெயரில்கூட 'ஆப்பிள்' சேர்த்தால்தான் வாங்குவோம் போலிருக்கிறது! புதுத் தோப்புப் போடுகிறவர்கள் நாலு மரமாவது நாட்டு இலந்தையாக, ஒட்டுக் கட்டாமலே, ஓர் ஓரத்தில் விட்டுவைக்கட்டும். மிளகாய், உப்பு, பெருங்காயம், வெல்லம் சேர்த்து இடித்து வெயிலில் காய வைக்கும் இலந்தை வடைக்கு உம்ரான் உதவாது.